திறந்த மூலமும் நான் பேசாத பேச்சும்

அந்தச் சுவரொட்டியை எழுதியது நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். ஆகவே சுவரொட்டி எழுதுவது, சாயாவுக்குச் சொல்லிவிடுவது, புதிதாக வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது எல்லாம் யாரும் கேட்காமலே என் இலாகா ஆகிவிட்டன. அதில் எனக்குக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. ஆனாலும் அந்தக் கூட்டம் நடக்கிற மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்காக நான் காத்திருந்த மாதிரி வாழ்க்கையில் வேறு எதற்கும் காத்திருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில் அது. வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டுட்டோரியல் காலேஜ் இருந்தது. ஞாயிறு பிற்பகல் அதன் மாடியறை சும்மா கிடக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் சாவியைக் கேட்டு வாங்கி, அங்கே எங்கள் கூட்டத்தை நடத்தினார். காசு கொடுத்து வாங்க வேண்டாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தி அடுத்தவருக்கும் கொடுக்கக்கூடிய மென்பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கான கூட்டம். மாதம் ஒருவர் பேச வேண்டும். நாங்கள் எட்டுப் பத்துப் பேர் இருப்போம். புரொஜெக்டர் என்ற பேச்சே கிடையாது. கடைக்கார அண்ணன் தன் கடையிலிருந்து பெட்டி மாதிரி இருக்கும் பழைய மானிட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். இறங்கும்போது அவர் நடை, கைக்குழந்தைக்காரி நடை மாதிரியே இருக்கும். அந்த ஒரு திரையைச் சுற்றி நாங்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்போம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாத ஆசை ஒன்று மனசில் கிடந்தது. அந்த மாடியறையில், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஒரே ஒரு மாதம் நான் பேச வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

சுவரொட்டிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஓப்பன் சோர்ஸ்' என்று சொல்லும் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். 'திறந்த மூலம்: மாதாந்திர இலவசக் கூட்டம். சந்தேகங்களுக்கு விளக்கம் அளிக்கப்படும். அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இடமும் நேரமும் போட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கடற்கரை ஊரிலிருந்து வரும் இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். அதைப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தவன் அவன்தான். எங்கே ஒட்டினாய் என்று கேட்டால், "ஒரு எடந்தான் காலியா கெடந்து, அங்கன ஒட்டிட்டேன்" என்றான். அந்தக் காலி இடத்துக்கு ஒரு பக்கம் மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று ஒரு வைத்தியசாலையின் சுவரொட்டி. மறுபக்கமும் அதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குகிற நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆளுக்கு முன்னால் பிச்சியும் மரிக்கொழுந்தும் கலந்த வாசனை வந்தது. பிறகு வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிறவர் என்பது பிறகு தெரிந்தது.

"இங்கதானா மூலத்துக்குள்ள கூட்டம்?" என்று கேட்டார்.

புது ஆள் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கடைக்கார அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமா அண்ணாச்சி, வாங்கோ, இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இருக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வாறேன்?" என்றார் வந்தவர்.

அண்ணன் அதையும் கவனிக்கவில்லை. "உங்களுக்க பிரச்சினையைச் சொல்லுங்கோ, தீத்துரலாம். எத்தன நாளா இருக்கு? எந்த வெர்ஷன்?"

"வெர்ஷன்லாம் எனக்குத் தெரியாது. வெளிமூலம்னு டாக்டர் சொன்னாரு. காலத்த எந்திச்சா ரத்தம் போவுகு."

முதலில் எனக்குத்தான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய? வயசுப்பெண் நான் அதை எப்படிச் சொல்வேன்? கண்ணால் ஜாடை காட்டினேன். கடற்கரைக்காரன் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தான். கடைசியில் அண்ணன் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார். அவர் திரும்ப வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவரோ எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"ஏலே மக்கா, நம்ம மூலம் தொறந்துதாம்ல கெடக்கு. அதுக்கு ஒரு கூட்டமும் போட்டு, நோட்டீசும் அடிப்பியளா?" என்றார். பிறகு, "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. என்னதான் பேசுகியோன்னு கேட்டுட்டுப் போறேன்" என்று பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். சாயாவும் ரசவடையும் வந்தபோதும் நின்றுகொண்டே தின்றார்.

ஒரு நாளோடு போய்விடுவார் என்று நினைத்தோம். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதம் கருணைக்கிழங்கு தின்று கொஞ்சம் சுகம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, வாங்குகிற எண்ணமும் இல்லை. எதற்கு வருகிறீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். "எங்க போனாலும் பிச்சி என்ன வெல, கேந்தி என்ன வெலன்னு கேப்பாவ. கல்யாண வீட்டுலயும் கேப்பாவ, எழவு வீட்டுலயும் கேப்பாவ. இங்க ஒருத்தரும் கேக்கல்ல பாத்தியா" என்றார். அவர் வருகிறதற்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

அவர் வந்ததில் எங்களுக்கு ஒன்று நடந்தது. நாங்கள் திரையைச் சுற்றிக் குனிந்திருக்க, அவர் மட்டும் கடைசியில் நிமிர்ந்து நிற்பார். பேசுகிறவன் தலையைத் தூக்கினால் அவர் முகத்தில்தான் கண் போய் விழும். அவரோ ஒளிவு மறைவில்லாத மனிதர். விளங்கவில்லை என்றால் முகத்தைக் கோணுவார். அவர் முகம் கோணினால் பேசுகிறவன் திரும்ப முதலிலிருந்து தொடங்குவான். நாளடைவில் எல்லோரும் அவருக்காகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடற்கரைக்காரன் இணையத்தில் சேதி எப்படிப் போகிறது என்பதை, வள்ளத்திலிருந்து மீன் ஏலக்காரன் கைக்கும் அங்கிருந்து ஐஸ்பெட்டிக்கும் போகிற வழியாகச் சொன்னான். கடைக்கார அண்ணன் எங்கள் மென்பொருள்களின் கொள்கையை விளக்கப் போக, பூ அண்ணாச்சி குறுக்கே கேட்டார்: "மாலையும் குடுத்து, கெட்டுக வித்தையையும் சொல்லிக் குடுத்தா, பொறவு ஏவாரம் எப்படிலே ஓடும்?" அன்றைக்கு இருட்டும்வரை அதற்கே சண்டை. யாரும் ஜெயிக்கவில்லை. படியிறங்கும்போதும் சண்டை, பேருந்து நிலையத்திலும் சண்டை. ஐயோ, அந்தச் சண்டை! பேருந்து போனால் போகட்டும் என்று நின்று பேசினோமே, அப்படி யாரோடும் பேசி எவ்வளவு காலமாகிறது.

ஒருநாள் கடைக்கார அண்ணன் என்னிடம், "பிள்ளே, அடுத்த மாசம் நீ பேசுகியா?" என்றார். போகிறபோக்கில் கேட்டார். நான் எத்தனையோ மாதமாக அந்தக் கேள்விக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவள். இருந்தும் "பாக்கேன் அண்ணே" என்று பிகு பண்ணினேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என்ன பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

டிடிபி வேலையில் எனக்குப் பழக்கமான விஷயம் அது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வைத்திருப்பார்கள். இங்கே அடித்த பத்திரிகையை இன்னொரு இடத்தில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை நிற்கும். புதிதாக வந்த யூனிகோடு முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய கோப்புகளை அதற்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு நானே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அதைப் பூ அண்ணாச்சியின் முகம் கோணாமல் சொல்ல ஒரு சொல் வேண்டும். 'கொழுந்து' என்ற சொல்லைப் பிடித்தேன். மாலையில் இடையிடையே வைத்துக் கட்டுகிற வாசனைப் பச்சிலை. அவர் தினமும் கையாளுகிற சரக்கு.

பழைய முறையில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண் பார்க்கிற வரிசை. புதிய முறையில் முதலில் க, பிறகுதான் அதோடு சேர்கிற ஒ என்ற ஒலி. வாய் சொல்கிற வரிசை. கொம்பை எங்கே நிறுத்துவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆகவே பழையதைப் புதியதாக்க, ஒவ்வொரு கொம்பும் தன் எழுத்தைத் தாண்டிப் பின்னால் வர வேண்டும். என் நிரல் செய்ததெல்லாம் இந்தத் தாண்டல்தான். கரும்பலகையில் 'கொழுந்து' என்று பெரிதாக எழுதி, "அண்ணாச்சி, இதைச் சொல்லும்போது உங்க வாயில முதல்ல என்ன வருது?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லிப் பார்ப்பார். அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். இதை நான் அடுக்களையில் தேங்காய் திருவும்போதும் கிணற்றடியிலும் பேசிப் பேசிப் பார்த்தேன்.

"ஏட்டி, ஆருட்ட பேசுக நீ?" என்று அம்மா கேட்டாள்.

"ஒனக்கு வெளங்காது, போ" என்றேன்.

அந்த வாரம் அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு பஹ்ரைனில் வேலை, லீவில் வந்திருக்கிறார். அவர்கள் பெண் பார்க்க வருகிற நாள் இரண்டாம் ஞாயிறு, பிற்பகல். நான் சாமியாடாத குறைதான். வேறு நாள் வரச் சொல் என்றேன். மாதக்கணக்காக இதற்காகவே இருந்தேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அவியளுக்கு லீவு கம்மி. கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிப் போவாது" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் அம்மா சொன்னதுதான் தீர்ப்பு.

அப்பாவின் செல்போனை வாங்கிக் கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, நான் நாளைக்கு வர முடியாது" என்றேன். காரணம் சொல்லவில்லை. "அதுக்கென்ன பிள்ளே, அடுத்த மாசம் வச்சுக்கிடலாம்" என்று லேசாகச் சொல்லிவிட்டார். அவர் கொஞ்சமாவது வருத்தப்பட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாலு பேர் முன்னால் போய் நிற்கத்தான் செய்தேன். ஆனால் வேறு நாலு பேர். பட்டுப்புடவையில் சாயாத் தட்டோடு நின்றேன். சுவர்க்கடிகாரம் எனக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. இப்போது மானிட்டர் ஆட்டோவில் வந்திறங்கியிருக்கும், இப்போது பூ அண்ணாச்சி பின்சுவரில் சாய்ந்திருப்பார், என்று எனக்கு ஒவ்வொன்றாக ஓடியது. மாப்பிள்ளையின் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ள பேசாதோ?" என்று கேட்டாள்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "அவளுக்குப் பேச்சே கெடையாது" என்றாள். அதைவிடப் பெரிய நல்லபேரை அவளால் எனக்கு வாங்கித் தந்திருக்க முடியாது. அவர்களுக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த மாத இரண்டாம் ஞாயிறு கல்யாண வேலையில் போனது. விசா வந்ததும் நான் பஹ்ரைன் போனேன். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். நல்ல மனிதர். எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார், என் நிரலை இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளப் போட்டபோது பக்கத்திலிருந்து பார்த்தார். எங்கெங்கேயோ இருந்தெல்லாம் ஆட்கள் அதைப் பயன்படுத்திவிட்டு நன்றி எழுதினார்கள். நன்றியை வைத்து நான் என்ன செய்ய? எனக்கு அந்த மாடியறை வேண்டும். சுண்ணாம்புத்தூள் படிந்த அந்தப் பெஞ்சு வேண்டும். நான் சொல்கிறதைக் கேட்டு ஒரு முகம் கோணாமல் இருக்கிறதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

பஹ்ரைனில் ஞாயிறு வேலை நாள். அவர் வேலைக்குப் போய்விடுவார். ஊரில் மூன்று மணி என்றால் எனக்குப் பன்னிரண்டரை. மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும், பன்னிரண்டரை ஆனால் என் கை ஓடாது. அடுப்பைத் தணித்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஊரைப் பிரிந்த ஏக்கம் என்று இதை என் வீட்டுக்காரர் நினைத்தார். எனக்கு ஊர் முழுக்க வேண்டியிருக்கவில்லை. வடசேரியில் ஒரு அறை, மாதத்துக்கு ஒரு சாயங்காலம், அது போதும். இந்த மாதம் இன்னார் பேசுகிறார் என்று கூட்டத்தின் மின்னஞ்சல் வரும். அதில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்துப் பார்ப்பேன். அப்படிச் செய்யாதே என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், அடுத்த மாதமும் செய்வேன்.

பிறகு மின்னஞ்சல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை. கடற்கரைக்காரன் பெங்களூர் போய்விட்டான். கடைக்கார அண்ணன் செல்போன் ரிப்பேருக்கு மாறிவிட்டார். டுட்டோரியல் இருந்த கட்டடத்தில் ஒரு ஜவுளிக்கடை வந்தது. லீவில் போயிருந்தபோது அந்த மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நைட்டி தொங்கவிட்டிருந்தார்கள். "என்ன சைஸ் அக்கா?" என்று விற்பனைப் பெண் கேட்டாள். ஒன்று வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பூ அண்ணாச்சியைப் பார்க்க எனக்குப் பத்து வருஷமாகிவிட்டது. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், பூ வாங்கிவர என்னை அனுப்பினார்கள். தோவாளைச் சந்தையில் விசாரித்துக்கொண்டே போனேன். எடைத்தராசுக்குப் பக்கத்தில் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் தெரியவில்லை அவருக்கு. வடசேரி மாடி, கம்ப்யூட்டர் கூட்டம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது.

"ஏட்டி, நோட்டீசு எழுதின பிள்ளையா நீ!" என்று பழையபடி சத்தமாகச் சிரித்தார். பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறாய் என்றெல்லாம் கேட்டார். எல்லோரையும் பற்றிக் கேட்டார். "அந்த ஞாயித்துக்கிழமையள நினைச்சா எனக்குச் சங்கடமா இருக்கும் மக்கா. இப்ப ஞாயித்துக்கிழம எனக்குப் போக எடமில்ல" என்றார். என்னைத் தவிர இன்னொருவருக்கும் அது வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூவைத் தண்ணீர் தெளித்துக் கட்டியபடியே அவர் சொன்னார்: "நீயும் ஒருநாளு பேசினேல்லா? நல்லாப் பேசின. அங்க பேசினதுல எனக்கு வெளங்கினது அது ஒண்ணுதான்."

நான் இன்னும் கிட்டப் போனேன். "எதப் பத்திப் பேசினேன் அண்ணாச்சி?"

"அதெல்லாம் ஆருக்கு ஓர்ம இருக்கு? நீ நின்னது ஓர்ம இருக்கு. அந்தால, பலகைக்கிட்ட நின்னுதான பேசின? எல்லாவனும் வாய மூடிட்டு இருந்தானுவோ."

நான் பேசவே இல்லை அண்ணாச்சி, அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள் என்று வாய்வரை வந்தது. அதற்குள் யாரோ ஒருத்தர் "அண்ணாச்சி, பிச்சி என்ன வெல?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் திரும்பி விலை சொன்னார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பேச்சை அவர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் கேட்கவில்லை.